சிங்கனின் வலை

பல்கலைக்கழகத்தில் அப்போது எனக்கு இரண்டாம் ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறை நண்பன் கூப்பிட்டான். "சும்மா வந்து பாருடா. பாட்டு நல்லா இருக்கும். சாப்பாடும் இருக்கு." விடுதியில் இருப்பவனுக்குக் கடைசி வாக்கியமே போதும். போனேன்.

ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடி. கீழே டயர் கடை, நடுவில் டியூஷன் சென்டர், மேலே சபை. டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு. நாற்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் என் வயது. முதல் பாட்டு வேகம், இரண்டாவதும் வேகம். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்றது, விளக்கைக் குறைத்தார்கள். கீபோர்டில் அதே நான்கு கார்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. நான் கோயில் திருவிழாவுக்குப் போகும் வீட்டுப் பையன், சுலபமாக அழுகிறவனும் இல்லை. அன்றைக்குக் கண் கலங்கியது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் நாசி லெமாக் கொடுத்தார்கள். கூடவே ஒரு படிவம்: பெயர், தொலைபேசி எண், ஜெபிக்க வேண்டிய காரியம். எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதம் குறுஞ்செய்திகள் வந்தன. அன்பான செய்திகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் படிக்கும்போது ஒரு கேள்வி உறுத்தியது. அந்தப் பாட்டு எனக்காகப் பாடப்பட்டதா, இல்லை என் போன் நம்பருக்காகவா?

அந்தக் கேள்விக்குக் கோபமாகப் பதில் சொல்வது எளிது. எங்கள் சமூக ஊடகக் குழுக்களில் அப்படித்தான் சொல்வார்கள்: "பாட்டுப் பாடி ஆள் பிடிக்கிறானுங்க." எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆள் பிடிக்கிற பாட்டு எங்கிருந்து வந்தது, யார் எழுதினார்கள், யார் எதிர்த்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிட்டாரில் தொடங்கி, பின்னோக்கிப் போய், தஞ்சாவூரில் போய் நின்றேன்.

*

1706ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், பள்ளிக்கூடம் வைத்தார், அச்சகம் வரவழைத்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, அதே ஜெர்மன் மெட்டில் பாட வைத்தார்கள். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் 'பாமாலை' என்ற பெயரில் இருக்கும் மரபின் வேர் அங்கே இருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், தமிழ்ச் சொல்லின் குறில் நெடிலும் அந்த மெட்டின் ஏற்ற இறக்கமும் எப்போதும் ஒத்துப்போகாது. சொல் ஒரு பக்கம் இழுக்கும், மெட்டு ஒரு பக்கம் இழுக்கும்.

இதை மாற்றியவர் வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வெள்ளாளர். சிறு வயதிலேயே மிஷனரி ஸ்வார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பின்னால் மன்னரான இரண்டாம் சரபோஜிக்கும் ஸ்வார்ட்ஸ்தான் ஆசிரியர். அதனால் மன்னரும் இவரும் ஒருசாலை மாணாக்கர் என்பார்கள். வேதநாயகம் தரங்கம்பாடிக்கும் போய்ப் படித்தார். இறையியலோடு வானியலும் கணக்கும் கற்றார். இருபது வயதைத் தொடும்போதே தஞ்சாவூரில் உபதேசிமாரைப் பயிற்றுவிக்கிற பள்ளியின் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. நாம் இன்று 'இளைஞர் ஊழியம்' என்று சொல்கிற வேலையைத்தான் அவர் அந்த வயதில் செய்துகொண்டிருந்தார்.

அவர் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி' இந்தக் கட்டுரைக்கு முக்கியம். குறவஞ்சி அன்றைக்கு மக்கள் ரசித்த ஆட்டமும் பாட்டும் கலந்த வடிவம். தலைவன் உலா வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வலை விரிப்பான். குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சாஸ்திரியார் அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவன் இயேசு, தலைவி திருச்சபை, குறத்தி விசுவாசம். நடுவில் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தரங்கம்பாடிப் பாடத்தையும் சேர்த்துவிட்டார்.

சிங்கன் யார் தெரியுமா? ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் உபதேசியார். அவன் விரிப்பது சுவிசேஷ வலை. மாட்டுகிற பறவைகள் மனித ஆத்துமாக்கள்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பதிவுப் படிவத்தை நினைத்துத்தான். ஆள் பிடிக்கிறார்கள் என்று நாம் குற்றச்சாட்டாகச் சொல்வதை, இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கவிராயர் ஒளிவுமறைவில்லாமல் மேடையில் ஏற்றிப் பாடியிருக்கிறார். அவருக்கு அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. மீட்பு என்று அவர் நம்பியதற்கு அழைக்கிற வேலை.

*

இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும்: அந்நிய மெட்டை விரட்டி, தமிழ் இசையை ஆலயத்துக்குள் கொண்டுவந்த கவிஞர். நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 1829க்கு வந்தேன். அங்கே கால் இடறியது.

ஸ்வார்ட்ஸ் காலத்து மிஷனரிகள் போய், புதிய தலைமுறை வந்திருந்தது. அவர்கள் பல பழக்கங்களைத் தடுத்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அவர் அடுக்கிய குறைகள் நான்கு. ஒன்று, பழகிய தமிழ் வேதாகமத்தை மாற்றுகிறார்கள். இரண்டு, ஆலயத்தில் எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். மூன்று, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். நான்கு, தமிழ்ப் பாட்டையும் தமிழ் வாத்தியத்தையும் ஆலயத்தில் தடுக்கிறார்கள்.

இதை மறுபடியும் படித்துப் பாருங்கள். முதலாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் நமக்கு நியாயமாகப் படுகிறது. ஒரு சமூகம் தன் மொழியை, பூவை, பாட்டைக் கேட்கிறது. ஆனால் அதே பட்டியலில், அதே குரலில், பறையர் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்பதும் இருக்கிறது. சாஸ்திரியாருக்கு இவை தனித்தனி விஷயங்கள் இல்லை. எல்லாமே ஒரே 'எங்கள் வழக்கம்'.

மிஷனில் அவருக்கு இருந்த இடம் பறிபோனது. சரபோஜி தன் அவையில் இடம் கொடுத்தார். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக ஆணையிட்டார். அதை ஏற்காமல் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். சாதிக்கு எதிராக நின்ற மிஷனரி தமிழ்ப் பாட்டையும் எதிர்த்தார். தமிழ்ப் பாட்டுக்காக நின்ற கவிஞர் சாதிக்கும் காவல் நின்றார். யார் பக்கம் நிற்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டு பக்கமும் உட்கார முடியாத ஒருவர் அந்த ஆலயத்தில் இருந்தார். அவர் என்ன வாத்தியம் வாசித்தார் என்று யாரும் கேட்கவே இல்லை. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

*

பாட்டு மட்டும் ஜெயித்தது. 1853ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் சாஸ்திரியார் பாடல்களையும் பிறர் பாடல்களையும் தொகுத்து அச்சிட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில், ராகம் தாளம் குறித்த கீர்த்தனைகள். தஞ்சாவூரில் தடுக்கப்பட்ட இசையை இன்னொரு மிஷன் புத்தகமாக்கிக் கையில் கொடுத்தது. சாஸ்திரியார் அப்போது உயிரோடு இருந்தார். 1864ல்தான் இறந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டில் இது ஒரு முறையாகவே மாறியது. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த எச்.ஏ. பாப்லி கர்நாடக சங்கீதம் கற்றார், கதாகாலட்சேபம் செய்தார். ராமாயணக் காலட்சேபம் கேட்கக் கூடுகிற அதே ஊர்த் தெருவில், ஒரு வெள்ளைக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டு ஊதாரி மைந்தன் கதையைத் தமிழில் பாடினால் கூட்டம் கூடாதா என்ன? 1914ல் அவரும் எல்.ஐ. ஸ்டீபன் என்பவரும் சேர்ந்து இசை வழி நற்செய்திப் பணிக்கு ஒரு கையேடே வெளியிட்டார்கள். எங்கே நிற்பது, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம். பாப்லி பிறகு ஒய்.எம்.சி.ஏ. பணிக்குப் போனார். 1921ல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தார்.

பாப்லி எனக்குக் குழப்பம் தருகிற மனிதர். கருவியாக எடுத்த இசையை அவர் உண்மையாகவே காதலித்துவிட்டார். வலை விரிக்க வந்த சிங்கன் பறவையின் குரலில் மயங்கிப்போனதுபோல.

*

மாடியில் நான் கேட்ட கிட்டாருக்கு இன்னொரு பூர்வீகம் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிக்காகோவில் தாமஸ் டோர்சி என்ற கறுப்பினப் பியானோ கலைஞர் இருந்தார். இரவு விடுதிகளில் ப்ளூஸ் வாசித்தவர். 1932ல் அவர் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. இன்று அவரைக் 'கோஸ்பல் இசையின் தந்தை' என்கிறோம். ஆனால் தொடக்கத்தில் பல கறுப்பினச் சபைகளே அவரைச் சேர்க்கவில்லை. சாராயக்கடை இசை ஆலயத்துக்குள் எதற்கு என்றார்கள்.

1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் எட்வின் ஹாக்கின்ஸ் நடத்திய ஓர் இளைஞர் பாடகர் குழு, பதினெட்டாம் நூற்றாண்டுத் துதிப்பாடல் ஒன்றைப் புதுத் தாளத்தில் பாடியது. நிதி திரட்டுவதற்காகப் பதிவு செய்த இசைத்தட்டு அது. வானொலிக்காரர் கையில் கிடைத்து, அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. அதே காலத்தில் அதே மாநிலத்தின் கடற்கரைகளில் ஹிப்பி இளைஞர்கள் கிட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். 1972ல் டாலஸ் நகரில் பல்லாயிரம் இளைஞர்கள் கூடிய மாநாட்டில் ராக் இசை மேடை ஏறியது. பெரியவர்கள் பிசாசின் இசை என்றார்கள். பிள்ளைகள் பாடினார்கள்.

தமிழில் இந்த அலை ஒலிநாடாவாக வந்தது. சினிமா மெல்லிசை போன்ற மெட்டு, எளிய சொற்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் வசதி. அருட்தந்தை பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசை நம் ஊர்த் தமிழ் வீடுகளிலும் ஒலித்தது. என் நண்பன் வீட்டில் அது கேட்காத காலையே இல்லையாம். "எங்க பாட்டி கீர்த்தனை பாடுவாங்க, அம்மா கேசட்டு, நான் கிட்டாரு. ஒருத்தர் பாட்டு இன்னொருத்தருக்குப் பிடிக்காது," என்பான்.

ஆக, ஒவ்வொரு தலைமுறையின் புனித இசையும் அதற்கு முந்தைய தலைமுறைக்கு அபசாரமாக இருந்திருக்கிறது. பாட்டியின் கீர்த்தனையும் ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட இசைதான். இதை நண்பனிடம் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம். "இதையே சபையில் வந்து சொல்லேன்," என்றான்.

ஆனால் மலேசியாவில் இந்தப் பாட்டு இன்னொரு பாரத்தையும் சுமக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)வது பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. அதனால் நற்செய்திப் பாட்டு போகக்கூடிய திசைகள் குறைவு. ஒன்று சீனர் வீடு, இல்லையென்றால் தமிழர் வீடு. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காடு இந்துக்கள், 6 விழுக்காடு கிறிஸ்தவர்கள். ஒரு வீட்டில் ஒரு பையன் மாறினால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. தோட்டம் போய், கோயில் போய், மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று பிடித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது இன்னொரு இழப்பாகத் தெரிகிறது. என் அம்மா அந்தக் குறுஞ்செய்திகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அம்மாவின் பயத்தை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

*

இப்போது அந்த மூன்றாவது ஆளுக்கு வருகிறேன். ஆலயத்தில் இரண்டு பக்கமும் உட்கார முடியாதவர்.

ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு 1940ல் பிறந்தவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 'பறட்டை' என்பது அவரே விரும்பி வைத்துக்கொண்ட பெயர். தலித் குடும்பத்தில் வந்தவர். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்தவர். இரண்டையும் அறிந்ததனால்தான் இரண்டையும் விட்டு நகர முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவருடைய கேள்வி எளிமையானது. தமிழகத்துக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அப்படியிருக்க, சபையில் 'தமிழ் இசை' என்றால் அது ஏன் மேல்சாதி இசையாகவே இருக்கிறது? கீர்த்தனையின் ராகமும் சமஸ்கிருதம் கலந்த மொழியும் யாருடையவை? கிராமத்துக் கிழவிக்குப் பாட வருகிற பாட்டு எங்கே? பறை ஏன் வாசலுக்கு வெளியே நிற்கிறது?

1980களிலிருந்து அவர் கிராமிய மெட்டுகளில், பேச்சுத் தமிழில், வழிபாட்டு முறையையே முழுசாக எழுதினார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தை 'ஒரு உலை' என்றார்: எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு. 1829ல் யாரோடு உட்கார மாட்டோம் என்று எழுதப்பட்டதோ, அவர்கள் பக்கத்திலிருந்து நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பதில் அது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் பல ஆண்டுகள் இவரோடு பழகி 2014ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அப்பாவு 2005ல் மறைந்தார்.

நான் மின்னியல் படித்தவன். அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். அப்பாவுவின் மாணவர்கள், இளைஞர்கள், அவர் பாடல்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மக்கள் சொற்களை மாற்றினார்கள், தங்கள் கஷ்டத்துக்கு ஏற்ப வரிகளைச் சேர்த்தார்கள். மாறின பாட்டு கல்லூரிக்குத் திரும்பி வந்தது. அப்பாவு அதைத் தவறென்று திருத்தவில்லை. அப்படி மாற முடிவதுதான் நாட்டுப்பாட்டின் பலம் என்றார். எங்கள் பாடத்தில் இதை ஃபீட்பேக் என்போம். போகிற சிக்னல் திரும்பி வந்து, அனுப்பியதையே மாற்றும்.

என் பழைய கேள்விக்கு இங்கேதான் ஒரு வெளிச்சம் கிடைத்தது. கண் கலங்க வைத்தது தப்பில்லை. எல்லாப் பாட்டும் யாரையோ எங்கேயோ அழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோயில் உறுமி மேளம் மட்டும் என்ன செய்கிறது? அந்த மாடியில் எனக்கு உறுத்தியது வேறு. என்னிடம் வந்த பாட்டில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. என்னிடமிருந்து திரும்பிப் போனது போன் நம்பர் மட்டும்தான். வலையைப் பறவை திருத்த முடியாது, பாட்டை மனிதன் திருத்தலாம். அப்பாவு செய்தது அந்த வித்தியாசத்தை.

*

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா தோட்டத்தில் காலையில் பால் மரம் வெட்டினார். சாவு விழுந்தால் தப்பு அடித்தார். தோட்டம் விற்கப்பட்டு டவுனுக்கு வந்தபின், அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "தாத்தா என்ன செஞ்சாருன்னு யாராச்சும் கேட்டா, பால் மரம் வெட்டுனாருன்னு சொல்லு." பொய் இல்லை. பாதி உண்மை. அந்தப் பாதியோடுதான் பல்கலைக்கழகம்வரை வந்தேன். அப்பாவுவைப் படித்த இரவில்தான், மறைக்கச் சொன்ன மறுபாதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. அதுவும் ஒரு கிறிஸ்தவர் எழுதிய வரலாறு, இந்து வீட்டுப் பையனுக்கு.

போன மாதம் நண்பன் கூப்பிட்டான். இப்போது அவன்தான் அந்த இளைஞர் குழுவைப் பார்த்துக்கொள்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தாமானில் நிகழ்ச்சி. மிக்ஸரில் ஓயாமல் 'உம்ம்' என்று இரைச்சல், வந்து பார்க்க முடியுமா என்றான். போனேன். எர்த் கோளாறு, அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு டீ குடிக்கும்போது கேட்டேன்.

"ஏன்டா, இந்த டிரம்ஸ் இருக்கிற இடத்துல ஒரு பாட்டுக்குத் தப்பு வச்சா என்ன?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க பாட்டி செத்தப்பவே தாத்தா வேணான்னுட்டாரு. அது சாமியாடுறவங்க மேளம்னு." பிறகு அவனே சொன்னான், "பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஆனா கேட்டுப் பார்க்கலாம்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு அடிக்கத் தெரியுமா?" என்றான்.

தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் இப்போது தெரியாது. தாத்தாவின் தப்பு மாமா வீட்டு ஸ்டோரில் பழைய சைக்கிளுக்குப் பின்னால் கிடக்கிறது. தோல் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. அடிப்பதற்கு முன் அதை நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று மாமாவிடம்தான் கேட்க வேண்டும்.